பொருநை வழியே

விடுமுறை வந்தவுடன் மாணவர் பலர் ஊர் காணப் புறப்படுகின்றனர். திருநெல்வேலிச் சீமைக்கு வருவோர் பெரும்பாலும் குற்றாலத்தில் அருவியாடி, திருச்செந்தூரில் கடலாடி, இடையே நெல்லையப்பர் கோயிலை வலம் வந்து, அல்வாப் பொட்டலத்தோடு ஊர் திரும்புகின்றனர். இம்மூன்றும் காணத்தக்கனவே. ஆயினும் அவர்கள் கண்டவை மூன்று இடங்களேயன்றி ஒரு நாடு அன்று. அவ்விடங்களை ஒன்றோடொன்று பிணிக்கும் இழை பொருநை என்னும் தாமிரபருணியாறே. அதனை விட்டுவிட்டு இந்நாட்டின் சரித்திரத்தை அறிய முயல்வது, நூலை அறுத்துவிட்டு மணிகளை எண்ணுவது போலாகும்.

ஆதலின் மலையினின்று கடல் நோக்கி, ஆற்றின் போக்கிலேயே செல்லுதல் வேண்டுமென்பது என் கருத்து. அங்ஙனம் சென்றால் ஆறு ஊர்களை ஆக்கியவாறும், ஆக்கியவற்றுட் சிலவற்றைத் தானே அழித்தவாறும் கண்கூடாகப் புலப்படும். அவ்வழியின் இறுதியில் உள்ள கொற்கை, காண ஒன்றுமில்லை என்று பலரும் விட்டுச்செல்லும் ஊர். அதுவே இப்பயணத்தில் தலையாய இடம் என்பதனை இக்கட்டுரையிற் காட்ட முயல்வேன்.

பொருநை பொதியமலையில் தோன்றி ஏறக்குறைய 125 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயலுக்கு அருகே மன்னார்க் குடாக்கடலிற் கலக்கின்றது. தென்னாட்டுப் பேராறுகள் பலவும் ஒரு நாட்டிற் பிறந்து வேறொரு நாட்டிற் கடல் சேர்வன. இதுவோ பிறந்ததும் வளர்ந்ததும் கடல் புகுந்ததும் பழைய திருநெல்வேலிச் சீமைக்குள்ளேயே. அச்சீமை 1986-ஆம் ஆண்டில் தூத்துக்குடியாகவும், 2019-ஆம் ஆண்டில் தென்காசியாகவும் பிரிந்து இப்பொழுது மூன்று மாவட்டங்களாய் நிற்கின்றது. ஆறு அப்பிரிவினையை அறியாது. தென்மேற்குப் பருவக்காற்று, வடகிழக்குப் பருவக்காற்று ஆகிய இரண்டும் இதற்கு நீர் தருகின்றன. அதனாலேயே இக்கரையில் கார் என்றும் பிசானம் என்றும் ஆண்டிற்கு இரு போகம் நெல் விளைகின்றது.

பாபநாசத்தில் ஆறு மலையை விட்டு இறங்குகின்றது. இங்கே கோயிலையும் அகத்தியர் அருவியையும் கண்டு மீள்வோர், அவ்விடத்தில் வேறு இரண்டு காரியங்களையும் நோக்குதல் நலம். நீரின் வீழ்ச்சியைக் கொண்டு ஆலை ஓட்டலாமென்று கருதி, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே ஹார்வி கம்பெனியார் இதன் அருகே பஞ்சாலை அமைத்தனர். பின்னர் 1944-ஆம் ஆண்டில் இந்நீரிலிருந்தே மின்சாரம் எடுக்கப்பெற்றது. முனிவர் தவம் செய்த மலையென்று நாம் போற்றும் இடத்திலிருந்து விளக்குக்கும் இயந்திரத்திற்கும் ஆற்றல் வருவது எனக்கு முரணாகத் தோன்றவில்லை. மலைக்குள் முண்டந்துறைக் காடு உளது. களக்காட்டுக் காட்டோடு சேர்ந்து அது 1988-ஆம் ஆண்டு முதல் புலிகளின் காப்பகமாய் விளங்குகின்றது. அக்காடு நிற்கும் வரையிலேதான் கோடையிலும் பொருநையில் நீர் ஓடும்.

இனி அணைக்கட்டுகளைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்லுதல் வேண்டும். ஏனெனில் யாத்திரை செய்வோர் இவற்றை அணுகுவதே இல்லை. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியான், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், திருவைகுண்டம் என ஆற்றின் குறுக்கே எட்டு அணைகள் உள்ளன. முதல் ஏழும் ஆங்கிலேயர் ஆட்சிக்கு முற்பட்டவை. எட்டாவதாகிய திருவைகுண்டம் அணை 1873-ஆம் ஆண்டில் முடிவுற்றது. பழைய அணைகள் ஆற்றை நேர்க்கோட்டில் மறிப்பனவல்ல. பாறை கிடந்த போக்கை ஒட்டிக் கல்லை அடுக்கி, வளைந்தும் சாய்ந்தும் கட்டப்பெற்றவை. மருதூர் அணை குதிரைலாடம் போல் நெடுக வளைந்து, மேலக்கால் கீழக்கால் என இருபுறமும் வாய்க்காலுக்கு நீரைத் திருப்புகின்றது. வெள்ளம் வரின் அணையின் மேலாகவே தாண்டிச் செல்லும். அணை அதனோடு போராடுவதில்லை. ‘நதியுண்ணி’ என்று ஓர் அணைக்குப் பெயரிட்டவர் யாவரென அறியோம். ஆயினும் ஆற்றை உண்டு வயலுக்கு ஊட்டும் கட்டடத்திற்கு இதனினும் பொருத்தமான பெயரைப் புலவரும் வைத்திருக்க மாட்டார்.

இவ்விடத்தில் வழியை விட்டுச் சிறிது வடக்கே திரும்புவோம். பொருநையின் துணையாறாகிய சிற்றாறு குற்றால மலையில் தோன்றித் தென்காசி வழியே வந்து சீவலப்பேரியில் கலக்கின்றது. குற்றாலத்துச் சாரலைப் பற்றி யான் எழுதவேண்டுவதில்லை, எழுதினோர் பலர். சித்திர சபையில் மூலிகை வண்ணத்தாற் சுவரில் தீட்டிய ஓவியங்களை மட்டும் மறவாது காண்க. அருவிக்கு வருவோரிற் பலர் அச்சபை இருப்பதையே அறியாது மீள்கின்றனர்.

தென்காசியில் நின்று நோக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. மதுரையை இழந்த பிற்காலப் பாண்டியருள் ஒருவனான பராக்கிரம பாண்டியன், 15-ஆம் நூற்றாண்டின் நடுவில் காசி விசுவநாதர் கோயிலை எடுப்பித்தான். தன் காலத்திற்குப்பின் இக்கோயிலில் யாதேனும் ஊறு நேருமாயின், அதனைத் திருத்திப் புதுக்குவோர் அடிகளிற் பணிவதாக அவன் கல்லில் பொறித்து வைத்தான். அரசர் பிறரைப் பணிவித்த கல்வெட்டுக்கள் நாட்டில் ஏராளம். இன்னும் பிறவாத ஒருவரை அரசனே பணிந்த கல்வெட்டு அரிதினும் அரிது. அவன் அஞ்சியவாறே பிற்காலத்தில் இராயகோபுரம் சிதைந்து, நெடுங்காலம் மொட்டையாய் நின்றது. மக்கள் பொருளுதவியால் அது மீண்டும் ஒன்பது நிலை மாடமாய் எழுந்து, 1990-ஆம் ஆண்டில் குடமுழுக்குக் கண்டது.

மீண்டும் பொருநைக்கு வருவோம். திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் இடையே ஆறு ஓடுகின்றது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே பாலமில்லை, படகே துணை. கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தேதாராயிருந்த சுலோசன முதலியார் தம் சொந்தப் பொருளைப் பெருந்தொகையாக ஈந்து, 1843-ஆம் ஆண்டில் பதினொரு வளைவுகளையுடைய பாலம் முடிவுறச் செய்தார். இன்றும் அதன்மேல் வண்டிகள் ஓடுகின்றன. அதன் பெயரும் அவர் பெயரே.

பாளையங்கோட்டைக்கு 1778-ஆம் ஆண்டில் சுவார்ச்சு ஐயர் வந்தார். அவரிடம் திருமுழுக்குப் பெற்ற குளோரிந்தா அம்மையார் கட்டுவித்த சிற்றாலயம் 1785-ஆம் ஆண்டில் பிரதிஷ்டை பெற்றது. பின்வந்த ரேனியஸ் ஐயர் காலத்தில், 1826-ஆம் ஆண்டில் எழுந்த திரித்துவ ஆலயம், தன் கூர்ந்த கோபுரத்தால் ‘ஊசிக்கோபுரம்’ என்றே ஊராரால் அழைக்கப்பெறுகின்றது. ஆற்றின் ஒரு கரையில் நெல்லையப்பர் கோயிலின் இசைத்தூண்களையும், மறு கரையில் இவ்வாலயத்தையும் ஒரே காலைப்பொழுதிற் காணலாம். முதலியார் பாலத்தின்மீது நடந்தே செல்லுக; பாலத்தின் நடுவில் நின்றால் ஆற்றின் அகலமும், கரையில் நாம் அதற்குச் செய்துள்ள தீங்கும் ஒருங்கே தெரியும்.

கிழக்கே செல்லும் திருச்செந்தூர்ச் சாலையில் கிருட்டிணாபுரம் வருகின்றது. நாயக்கர் காலத்துச் சிற்பங்கள் அங்கே உயிருடையன போல் நிற்கின்றன. அவற்றைப் பற்றிச் சொல்வதினும் நேரே காண்பதே தகும். அப்பால், ஆற்றின் தென்கரையில் ஆதிச்சநல்லூர் என்னும் பரம்பு இருக்கின்றது.

பரம்பு என்றேன், கண்ணுக்குத் தெரிவது சரளையும் முட்செடியும் உடைய மேட்டுநிலமே. அதன் பரப்பு 114 ஏக்கர். உள்ளே கிடப்பனவோ ஈமத்தாழிகள். 1876-ஆம் ஆண்டில் ஜாகர் என்னும் ஜெர்மானியர் இங்கே தோண்டி, கிடைத்தவற்றைப் பெர்லினுக்குக் கொண்டு சென்றார். அலெக்சாண்டர் ரீ 1899-ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகள் முறையாக அகழ்ந்து, பொன்னாலான நெற்றிப்பட்டங்களையும், வெண்கலப் பொருள்களையும், இரும்புக் கருவிகளையும் எடுத்தார். அவை சென்னை அருங்காட்சியகம் சேர்ந்தன. பிறகு ஏறத்தாழ நூறாண்டு அந்நிலம் கேட்பாரற்றுக் கிடந்து, 2004-ஆம் ஆண்டிலேதான் மத்தியத் தொல்பொருள் துறையினரால் மீண்டும் அகழப்பெற்றது. அண்மையிலுள்ள சிவகளையில் தாழியொன்றிற் கிடைத்த நெல்லின் காலம் ஏறத்தாழ 3,200 ஆண்டுகளுக்கு முற்பட்டதென 2021-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது.

இங்கே நான் கருதுவது இது. அப்பழைய மக்கள் தம் இறந்தோரை விளையாத மேட்டில் வைத்தனர்; விளையும் தாழ்நிலத்தை உயிருள்ளோர்க்கு விட்டனர். பொருநையின் வண்டல் யாது பயன் தரும் என்பதனை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர். ஆதலின் ஆதிச்சநல்லூரைக் காண்போர், தாழிகளை மட்டும் நோக்காது, மேட்டில் நின்று வடக்கே வயல்களையும் நோக்குக.

திருவைகுண்டத்திலும் ஆழ்வார்திருநகரியிலும் உள்ள நவதிருப்பதிகளை வணங்கிச் செல்வோர்க்கு ஒரு நாள் தனியே வேண்டும். நாம் கொற்கைக்குச் செல்வோம்.

கிரேக்க மொழியினர் ஒருவர் கி. பி. முதல் நூற்றாண்டில் எழுதிய கடற்பயண நூலில் ‘கொல்கொய்’ என்னும் ஊர் வருகின்றது. அங்கே பாண்டியர்க்குரிய முத்துச் சலாபம் உண்டென்றும், தண்டனை பெற்ற குற்றவாளிகளே முத்துக்குளித்தனர் என்றும் அவர் குறிக்கின்றார். தாலமியும் இவ்வூரை அறிவார். கோவலன் கொலையுண்ட பின்னர் கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியனைச் சிலப்பதிகாரம் கூறுகின்றது. இத்துணைப் புகழ் பெற்ற துறைமுகத்தைக் காணும் ஆவலோடு யான் முதன்முறை சென்றபோது கண்டவை வாழைத்தோட்டம், ஒரு குளம், அதனருகே ஒரு சிறு அம்மன் கோயில், மிகப் பழையதென்று ஊரார் சொல்லும் ஒரு வன்னிமரம், இவையே. கடல் எங்கே என்று வினவினேன். கிழக்கே கையைக் காட்டினர். ஆறேழு கிலோமீட்டர் சென்றாலன்றிக் கடல் இல்லை. ஏமாற்றத்தோடு திரும்பினேன் என்பதை மறைக்கவில்லை.

பின்னர்க் கால்டுவெல் ஐயரின் ஆராய்ச்சியைப் படித்த பிறகே, காணவேண்டியதைக் காணாது வந்தேன் என்பது விளங்கிற்று. இடையன்குடியில் வாழ்ந்து, 1856-ஆம் ஆண்டில் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வெளியிட்ட அப்பெரியாரே கொற்கையிலும் காயலிலும் நிலத்தைத் தோண்டிப் பார்த்தவர். ஆற்று வண்டலோடு கடற்சிப்பிகளும் கலந்து கிடக்கக் கண்டு, கொற்கை ஒருகாலத்திற் கடற்கரையூராகவே இருந்ததென அவர் துணிந்தார். கடல் பின்வாங்கிச் செல்லவில்லை. பொருநை ஆண்டுதோறும் மலையிலிருந்து கொணர்ந்த மண்ணைத் தன் முகத்துவாரத்திற் கொட்டிக் கொட்டி, கடலைத் தள்ளிவிட்டது. கப்பல் நின்ற இடம் வயலாயிற்று. தமிழ்நாட்டுத் தொல்பொருள் துறையினர் 1968-69-ஆம் ஆண்டுகளில் அங்கே அகழ்ந்தபோது கிடைத்த பொருளொன்றின் கரியைச் சோதித்ததில், அது கி. மு. 8-ஆம் நூற்றாண்டைச் சார்ந்ததெனத் தெரிந்தது.

துறைமுகம் தூர்ந்தபின் வணிகர் சும்மா இருந்தாரல்லர். கடலைப் பின்தொடர்ந்து கிழக்கே காயலுக்குச் சென்றனர். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, அரபு நாட்டிலிருந்து குதிரைகளை ஏற்றிய கப்பல்கள் அங்கே வந்ததைக் கூறுகின்றார். அவர் கண்ட காயல் இப்பொழுது பழையகாயல் என வழங்குகின்றது. பெயரே வரலாற்றைச் சொல்லுகின்றதன்றோ? அதுவும் கடலை விட்டு உள்ளே ஒதுங்கிவிட்டது. மூன்றாவதாகத் தோன்றிய புன்னைக்காயல், போர்ச்சுக்கீசியர் காலத்தில் முத்துக்குளித்துறையின் தலைமை இடங்களுள் ஒன்றாயிருந்தது. தமிழ் கற்று, தமிழ் எழுத்தில் நூல் அச்சிட்ட என்ரீக்கே என்ரீக்கசு பாதிரியார், அடியார் வரலாறு என்னும் நூலை 1586-ஆம் ஆண்டில் வெளியிட்டது இவ்வூரிலேயே. ஒரே ஆறு மூன்று துறைமுகங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பெற்று வளர்த்த கதை இது. முதலிரண்டையும் வயலாக்கியதும் அவ்வாறே.

அவ்வேலை இன்னும் முடியவில்லை. 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. திருவைகுண்டத்தருகே இருப்புப்பாதைக்குக் கீழிருந்த மண் அரிக்கப்பட்டு, புகைவண்டிப் பயணிகள் நூற்றுக்கணக்கானோர் வழியில் தவித்தனர். கரையோர வயல்களில் மணலும் வண்டலும் படிந்தன. கொற்கை தூர்ந்ததென்று ஒரு வரியிற் படிக்கும்போது நாம் அறியாத துன்பத்தை, அவ்விரு நாட்களில் அவ்வூரார் அறிந்தனர்.

மற்றொரு புறம், பாபநாசத்தில் எழுந்த அணையும், 1950-களில் கட்டிய மணிமுத்தாற்றணையும் மலையின் மண்ணை மேலேயே தடுத்துவைக்கின்றன. கீழே ஆற்றுமணலை அள்ளி விற்றவரும் உண்டு. ஈராயிரம் ஆண்டாகக் கடலைத் தள்ளிய ஆறு இனி அத்தொழிலை எவ்வளவு செய்யும் என்பது, நம் மாணவருள் நிலவியல் பயில்வோர் ஆராயத்தக்க வினா.

கொற்கைக்குச் செல்ல விரும்புவோர் ஏரல் வரை பேருந்திற் சென்று, அங்கிருந்து வேறு வண்டி பிடித்தல் எளிது. அறுவடை முடிந்த மாசி பங்குனியில் செல்லுக. வாய்க்காலோ கிணறோ வெட்டும் இடம் கண்ணிற் பட்டால், உரியவரிடம் இசைவு பெற்று அருகே சென்று, வெளியே வீசிய மண்ணைக் கையில் எடுத்துப் பார்க்க. வன்னிமரத்தடியில் அமர்ந்து காண்பதினும் அது மேல். பிறகு அதே நாளில் பழையகாயல் கண்டு, மாலையில் புன்னைக்காயல் கரையை அடைக. ஆறு பல கிளையாய்ப் பிரிந்து உப்பளங்களுக்கும் சேற்றுநிலத்துக்கும் இடையே கடலில் இறங்குமிடம் அது. மழைக்காலமாயின் கடலின் நீலத்தினுள்ளே நெடுந்தொலைவு வரை கலங்கல் நீர் ஓடுவது தெரியும்; அதனுள் இருப்பது பொதியமலையின் மண்.