பழைய லாண்ட்ரோவருக்குப் புதிய எஞ்சின்

பெரகலையிலிருந்து கொஸ்லந்த வழியாக வெல்லவாயவுக்கு இறங்கும் மலைப்பாதையிலும், தோட்டத்து ரோட்டுகளிலும் ஓடித் தேய்ந்த பெற்றோல் லாண்ட்ரோவருக்கு, ஜப்பானிய டீசல் எஞ்சினால் புனர்ஜென்மம் அளிக்க விரும்புவோர் முதலில் சிந்திக்கத்தக்க விஷயங்கள் இவை:

1. எஞ்சினையும் கியர்பொக்ஸையும் பொருத்தும் இணைப்புத் தகட்டின் துவாரங்கள் அணுவளவு பிசகினும் கியர்பொக்ஸின் தண்டும் கிளட்சும் விரைவில் நாசமாகுமாதலால், அதனைத் தேர்ந்த கடைசல்காரரிடமே செய்விப்பது உத்தமம்.

2. பெற்றோல் எஞ்சினைப்போல டீசல் எஞ்சின் தானாக வெற்றிடத்தை உண்டாக்குவதில்லை; ஆகவே பிரேக் சர்வோ பொருத்த எண்ணுவோர், வெற்றிடப் பம்புள்ள எஞ்சினையே தெரிந்தெடுத்தல் அவசியம்.

3. 1960களின் நடுப்பகுதிவரை வந்த வண்டிகளிற் பெரும்பாலும் பற்றரியின் நேர்முனையே சட்டத்தோடு இணைந்திருக்கும்; அதை எதிர்முனைக்கு மாற்றாமல் புதிய ஆல்டர்னேட்டரைப் பூட்டினால் அது கருகிப்போகும்.

4. புதிய எஞ்சின் பாரம் மிகுந்ததாயின், முன்பக்க வில்லுத்தகடுகளையும், ஏற்றத்தில் கொதிக்காதிருக்கும் பொருட்டு ரேடியேட்டரையும் அதற்கேற்பப் பலப்படுத்துக.

5. எஞ்சினின் கொள்வனவுப் பத்திரங்களைப் பத்திரப்படுத்தி, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் புதிய எஞ்சின் இலக்கத்தைப் பதிவுசெய்த பின்னரே வண்டியை வீதிக்கு இறக்குக.