சரளை மண்ணும் சல்லடையும்

ஜான்சிக்குப் படிக்க வரும் நம்மவர்கள் முதல் வாரத்திலேயே சொல்லும் சொல் ஒன்றுண்டு: "இதென்ன ஊர், எங்குப் பார்த்தாலும் கல்!" நானும் அப்படிச் சொன்னவன்தான். வளாகத்தை விட்டு வெளியே சிறிது தூரம் நடந்தால் பாறைக் குன்றுகள். குன்றுகளின் அடிச்சரிவில் செந்நிறச் சரளை. சரளையின்மேல் மேயும் வெள்ளாடுகள். மண்ணியல் கற்க வந்தவனுக்கு மண்ணே கண்ணிற் படவில்லையே என்று அன்று வருந்தினேன். இரண்டாண்டு கழித்து, அந்தச் சரளையைப் பற்றியே நண்பர்களுக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். அதற்குக் காரணம் ஊரிலிருந்து வந்த ஒரு தொலைபேசி அழைப்பு.

காங்கயத்துக்கு அருகில் எங்களுக்கு நாலு ஏக்கர் கொறங்காடு இருக்கிறது. கொங்கு நாட்டார் அல்லாத நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: கொறங்காடு என்பது உழாமல் மேய்ச்சலுக்கென்றே விட்டு வைத்த புன்செய். சுற்றிலும் கிளுவை முள்வேலி, இடையிடையே வெள்வேல மரம், தரையில் கொழுக்கட்டைப் புல். காங்கயம் மாடுகள் வளர்ந்தது இந்தக் காடுகளில்தான். அப்பா கேட்டார்: "ரோட்டு வேலைக்குக் கிராவல் மண்ணு வேணும்னு வந்திருக்காங்க கண்ணு. லோடு கணக்குக்குக் காசு. மூணு அடி எடுத்துக்கிட்டு விட்டுருவாங்களாம். சும்மா கெடக்குற சரளைதானே? நீ மண்ணைப் பத்தித்தானே படிக்கிறே, என்ன சொல்றே?"

எனக்கு உடனே விடை வரவில்லை. "நாலு நாள் பொறுங்கப்பா" என்றேன். அந்த நாலு நாளில் யோசித்தவையே கீழே வருவன.

முதலில் நம் காலடியில் உள்ள மண்ணைப் பார்ப்போம். பந்தேல்கண்டு விவசாயிகள் தம் மண்ணை நான்காகப் பிரித்து வழங்குகிறார்கள்: ராக்கர், பர்வா, காபர், மார். முன்னிரண்டும் செம்மண் இனம். பின்னிரண்டும் கரிசல் இனம். மேட்டுச் சரிவில் கிடக்கும் பருக்கைச் சரளைதான் ராக்கர். அதற்குக் கீழே சற்றே ஆழமான பர்வா. தாழ்ந்த இடங்களில் காபரும் மாரும். இப்பகுதியின் அடிப்பாறை கிரானைட்டும் நைசும். அவை வெயிலாலும் மழையாலும் சிதைந்து பொடியாகும்போது, களியும் வண்டலும் நீரோடு இறங்கிப் பள்ளத்தைச் சேர்கின்றன. எளிதில் கரையாத குவார்ட்ஸ் பருக்கைகள் மேட்டிலேயே தங்கிவிடுகின்றன. ஆகவே ராக்கரில் கல் மிகுந்திருப்பதற்குப் பாதிக் காரணம் பாறை. மீதிப் பாதி, அங்கிருந்து போய்விட்ட மண். மேற்பரப்பில் கல் அடர்ந்து கிடப்பதைக் கண்டால், இங்கிருந்து எவ்வளவு நுண்மண் கழுவிப் போயிருக்கும் என்று கேட்கப் பழக வேண்டும்.

(ஒரு சிறு இடைப்பேச்சு. சங்க இலக்கியத்தில் 'முரம்பு' என்ற சொல் பருக்கைக் கல் நிறைந்த மேட்டு நிலத்தைக் குறிக்கும். இங்கே சாலைக்குக் கொட்டும் சரளையை 'முரம்' என்கிறார்கள். ஒலி ஒத்திருப்பதை மட்டுமே சொல்கிறேன். உறவு கொண்டாடுவதை மொழியியல் நண்பர்களுக்கு விட்டுவிடுகிறேன்.)

நிற்க. சரளை என்று எதைச் சொல்வது? மண்ணியலில் எல்லைக்கோடு 2 மில்லிமீட்டர். அந்தச் சல்லடைக் கண்ணில் விழுவது நுண்மண். மேலே தங்குவது கல். 2 முதல் 75 மில்லிமீட்டர் வரை சரளை. கன அளவில் நூற்றுக்கு 15 பங்குக்கு மேல் சரளை இருந்தால் 'சரளை மண்', 35-க்கு மேல் 'மிகுசரளை மண்' என்று வகுப்பார்கள். இங்கேதான் நான் தவறினேன்.

முதல் பருவத்தில் ஒரு மேய்ச்சல் சரிவில் மண் எடுத்து வந்து, முறைப்படி உலர்த்தி, சலித்து, சல்லடையில் தங்கிய கல்லைச் சன்னலுக்கு வெளியே கொட்டிவிட்டேன். நுண்மண்ணுக்கு எல்லாச் சோதனையும் செய்தேன். நீர் பிடிக்கும் திறன் நன்றாகவே வந்தது. 'இம்மண்ணில் மழைக்காலச் சோளம் விளையும்' என்று குறிப்பேட்டில் பெருமிதத்தோடு எழுதினேன். கொட்டிய கல் எவ்வளவு என்பதை நான் எடை போடவே இல்லை!

அந்தக் கல் என்ன செய்யும்? ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். தோண்டிய மண்ணின் எடையில் பாதி கல், பாதி நுண்மண் என்று கொள்வோம். ஒரு கன சென்டிமீட்டர் கல் 2.65 கிராம், இறுகிக் கிடக்கும் நுண்மண் ஏறத்தாழ 1.4 கிராம். அப்படியானால் 50 கிராம் கல் 19 கன சென்டிமீட்டர் இடத்தையும், 50 கிராம் நுண்மண் 36 கன சென்டிமீட்டர் இடத்தையும் அடைக்கும். எடையில் பாதியாக இருக்கும் கல், இடத்தில் மூன்றில் ஒரு பங்குதான். சரியாகச் சொன்னால் நூற்றுக்கு 35. எடையையும் இடத்தையும் குழப்பிக்கொள்வது எங்கள் வகுப்பில் ஆண்டுதோறும் நடக்கும் திருவிழா.

இனி நீர். நுண்மண், செடிக்குப் பயன்படும் நீரைத் தன் கன அளவில் 12 சதவிகிதம் பிடிக்கிறது என்று சோதனை சொல்கிறது. அரை மீட்டர் ஆழ மண்ணுக்கு அது 60 மில்லிமீட்டர் மழைக்குச் சமம். என் குறிப்பேட்டில் நான் எழுதியது இதைப் போன்ற எண்ணைத்தான். ஆனால் அந்த இடத்தில் 35 பங்கு கல் அல்லவா உட்கார்ந்திருக்கிறது? கெட்டியான குவார்ட்ஸ் கல் நீரைப் பிடிக்காது. மீதமுள்ள 65 பங்குக்கு 39 மில்லிமீட்டர்தான் தேறும். நாளொன்றுக்குச் செடியும் வெயிலுமாகச் சேர்ந்து 5 மில்லிமீட்டர் குடித்தால், பன்னிரண்டு நாள் தாங்கும் என்று நான் சொன்ன மண் எட்டாம் நாளே கைவிட்டுவிடும். ஜான்சியின் மழை ஆண்டுக்கு 850 முதல் 900 மில்லிமீட்டர் வரை, குறைவில்லை. ஆனால் அதில் பத்தில் ஒன்பது பங்கு ஜூன் முதல் செப்டம்பருக்குள் கொட்டிவிடுகிறது; ஆண்டு முழுவதும் வெயில் கேட்கும் நீரோ அதைவிட மிக அதிகம். மழைக்கு நடுவே பத்து நாள் இடைவெளி விழுவதும் புதிதன்று. இளஞ்சோளப் பயிருக்கு அந்த நாலு நாள் வித்தியாசம் உயிர். என் குறிப்பை நம்பி ஒருவர் விதைத்திருந்தால் அவர் கதி என்ன ஆகியிருக்கும் என்று நினைக்க இன்றும் கூசுகிறது.

அப்படியானால் கல் கெடுதல்தான் என்று முடிவு கட்டலாமா? அதுவும் என் இரண்டாவது தவறாக முடிந்திருக்கும். ஆடு மேய்க்கும் ஒரு பெரியவர் தடுத்தார். நான் 'கக்கா' என்பேன்; அவர் என்னைப் 'பையா' என்பார். (பயப்பட வேண்டாம், இந்த ஊரில் அது அண்ணன் என்னும் மரியாதைச் சொல்!) மழை பெய்து மூன்றாம் நாள், நான் குழி தோண்டிக்கொண்டிருந்த இடத்தில் ஒரு கல்லைப் புரட்டிக் காட்டினார். அடியில் ஈரம். பக்கத்தில் கல் பொறுக்கிச் சுத்தம் செய்த திட்டில் மண் ஆடை கட்டிக் காய்ந்திருந்தது. "கல்லை எடுத்தால் புல் கோபித்துக்கொள்ளும்" என்றார். பிறகு ஆடுகள் தினமும் நடக்கும் தடத்தைக் காட்டினார். அங்கேயும் கல் உண்டு. ஆனால் குளம்பு மிதித்து மண்ணுக்குள் அழுந்திப் பதிந்த கல். அந்தத் தடத்தில் மழைநீர் நில்லாமல் ஓடிய சுவடு தெளிவாக இருந்தது.

அவர் சொன்னதை நூல்களும் சொல்கின்றன. மண்மேல் தளர்வாகக் கிடக்கும் கல் மழைத்துளியின் அடியைத் தாங்கிக்கொள்கிறது, மண் கெட்டிப்படாமல் நீர் உள்ளே இறங்க வழி விடுகிறது, ஆவியாவதையும் குறைக்கிறது. அதே கல் மேலோட்டில் பதிந்துவிட்டால் தளம் போட்ட முற்றம் போலாகி நீரை வழிய விடுகிறது. கல்லின் எண்ணிக்கையை மட்டும் பார்த்துப் பயனில்லை. அது எப்படிக் கிடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இன்னொரு விந்தையும் உண்டு. வறண்ட மண்ணில் 10 மில்லிமீட்டர் தூறல் விழுகிறதென்று கொள்வோம். நன்றாக நீர் பிடிக்கும் கரிசலில் அது மேல் இரண்டரை, மூன்று சென்டிமீட்டரிலேயே தங்கிவிடும். அடுத்த நாள் வெயில் அதை உறிஞ்சிவிடும். சரளையிலோ பிடிக்கும் நுண்மண் குறைவு. ஆகையால் அதே நீர் பத்து சென்டிமீட்டர் வரை இறங்கி வெயிலுக்கு ஒளிந்துகொள்கிறது. மழை மிகுந்த நாட்டில் களிமண் செல்வந்தன், சரளை ஏழை. மழை குறையக் குறைய இந்த ஏற்றத்தாழ்வு தலைகீழாகும் என்று நோய்-மேயர் என்ற அறிஞர் 1973-இல் விளக்கினார். பெருமழை பெய்தாலும் வீணில்லை. மண் பிடித்தது போக மீதி, சிதைந்த பாறையின் வெடிப்புகளில் இறங்கிக் கீழேயுள்ள கிணறுகளுக்குப் போகிறது.

ஆனால் இந்த நன்மையைப் பெறத் தெரிந்த செடி வேண்டும். ஒரு பருவத்துப் பயிருக்கு வேர் ஆழம் போதாது; பத்து நாள் பொறுமையும் இல்லை. பல்லாண்டுப் புல்லோ வெடிப்புகளுக்குள் வேர் விட்டு, வறட்சியில் மேலே காய்ந்து அடிக்குருத்தில் உயிரை வைத்துக்கொண்டு, மழை வந்ததும் துளிர்க்கிறது. இந்தியப் புல்வெளி, தீவன ஆராய்ச்சி நிலையம் 1962-இல் இந்த ஊரில் நிறுவப்பட்டது. இந்நாட்டுப் புற்பரப்பை ஐந்து வகையாகப் பகுத்து 1973-இல் நூல் வெளியிட்ட தபட்காவும் சங்கரநாராயணனும் இப்பகுதியைச் செஹிமா–டைகாந்தியம் வகையில் சேர்த்தார்கள். செஹிமா நல்ல தீவனப் புல். மேய்ச்சல் மிகுந்தால் அது பின்வாங்கி, கால்சட்டையில் ஈட்டியாய்க் குத்தும் ஹெட்டரோபோகன் வருகிறது. இன்னும் மிகுந்தால், ஆடும் தொடத் தயங்கும் அரிஸ்டிடா. நம் வளாகத்துக்கு வெளியே மூன்றையும் காணலாம். கோடையில் மாடுகளை அவிழ்த்துவிடும் 'அன்னா' வழக்கம் இங்கே இருப்பதால், மூன்றாவதே அதிகம் கண்ணிற் படுகிறது.

ரசாயனத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ராக்கரில் கரிமப்பொருள் குறைவு, நைட்ரஜன் குறைவு, பாஸ்பரஸும் குறைவு. இருக்கும் சிறிதளவும் மேல் சில அங்குலத்தில்தான்.

இப்போது அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். எங்கள் கொறங்காட்டுக்கும் ராக்கருக்கும் அடிப்பாறை இனம் ஒன்று. மற்றவற்றில் வேற்றுமை உண்டு. அங்கே மழை 600 மில்லிமீட்டரை ஒட்டியது. ஐப்பசி, கார்த்திகையில்தான் அதிகம். மண்ணில் சுக்கான் கல் கலந்திருப்பதால் சுண்ணாம்புத் தன்மையும் உண்டு. எனினும் கணக்கின் வழி ஒன்றே. மேலே சொன்ன 39 மில்லிமீட்டர் எங்கள் காட்டுக்கும் பொருந்தும் என்று வைத்துக்கொண்டால், ஏக்கருக்கு ஏறத்தாழ 1,58,000 லிட்டர். நாலு ஏக்கருக்கு 6,30,000 லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரியில் ஐம்பது லோடுக்கு மேல். ஒவ்வொரு நல்ல மழைக்கும் அந்தக் காடு இவ்வளவை வாங்கி வைத்துப் புல்லுக்குக் கொடுக்கிறது. மூன்றடி எடுத்த பிறகு மிஞ்சுவது சிதைந்த பாறை. புல்லின் அடிக்குருத்தும் விதையும் மேல்மண்ணும் லாரியில் போயிருக்கும். அப்படிப்பட்ட பாறையில் ஓர் அங்குல மண் உருவாகப் பல நூறு ஆண்டுகள் வேண்டும்.

'தரிசு' என்றும் 'பஞ்சர்' என்றும் ஏட்டில் எழுதுகிறவர்கள் கல்லை மட்டும் பார்க்கிறார்கள். நான் ஆய்வுக்கூடத்தில் கல்லைப் பார்க்காமலே இருந்தேன். இரண்டு கணக்கும் தப்பு.

நாலாம் நாள் அப்பாவிடம் இதைச் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "லோடுக் கணக்கை லோடுக் கணக்காலேயே சொல்லிட்டே. ஆனா அந்த 39-ங்கிறது நம்ம காட்டுல எடுத்ததா கண்ணு?" என்று கேட்டார். இல்லை என்று ஒப்புக்கொண்டேன். "அப்போ வந்து எடுத்துட்டுச் சொல்லு. அது வரைக்கும் வர்றவங்களுக்கு ஒண்ணும் சொல்லலே" என்றார்.

பொங்கல் விடுமுறையில் போகிறேன். உருளைக் குழாயை அடித்து மண் எடுப்பது சரளையில் நடக்காது, கல் தடுக்கும். ஆகவே ஒரு சாண் சதுரக் குழி தோண்டி, உள்ளே பிளாஸ்டிக் தாளை விரித்து, அளந்த தண்ணீரை ஊற்றிக் குழியின் கன அளவைக் காண வேண்டும். எடுத்த மண்ணையும் கல்லையும் தனித்தனியே எடை போட வேண்டும். இம்முறை கல்லைக் கொட்டப் போவதில்லை. இரண்டு மில்லிமீட்டர் சல்லடையைத் துணிப்பெட்டியில் முதலிலேயே வைத்தாயிற்று. அதே ரயிலில் வரும் நண்பர்கள் யாரிடமாவது சிறிய தராசு இருந்தால் விடுதியில் வந்து சொல்லுங்கள்.