தண்ணீரை விலக்கும் மண்: சரிவுக்கு நல்லது, வயலுக்கு ஆகாது

மழை பெய்தால் மண் நனையும் என்றுதான் நினைக்கிறோம். எல்லா மண்ணும் அப்படியில்லை. சில மண்ணில் விழுந்த துளி, சேம்பு இலையில் விழுந்த மாதிரி உருண்டு நிற்கும். கல்வராயன் மலை அடிவாரத்தில், வடக்கனந்தல் பக்கம் விவசாயம் பார்க்கிற என்னைப் போன்றவர்களுக்கு இது அவசியமான பாடம். மேட்டுக்காடு, சரிவு, பண்ணைக்குட்டைக் கரை எல்லாமே நம்மிடம் இருக்கிறதே!

ஏன் விலக்குகிறது?

இலைதழை மட்கும்போது வரும் மெழுகும் எண்ணெயும் மண் துகள்மேல் படலமாகப் படிகின்றன. சில பூஞ்சைகளும் இதைச் செய்யும். யூகலிப்டஸ் அடியில் இது அதிகம். மணல்சாரி மண்ணில் துகள்களின் மொத்தப் பரப்பு குறைவு. கொஞ்சம் மெழுகே போதும். களிமண்ணில் அவ்வளவு எளிதில் வராது.

தீயும் ஒரு காரணம். மண் 175 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரை சூடானால் மெழுகு ஆவியாகிக் கீழே இறங்கிப் படிந்து, விலக்கும் தன்மை கூடுகிறது. 300 டிகிரியை நெருங்கித் தாண்டும்போது அழிந்துவிடும். காட்டுத்தீக்குப் பிந்தைய முதல் மழையில் வெள்ளம் அடித்துக்கொண்டு வருவதற்கு இதுவும் காரணம். கரும்புச் சோகையைக் கொளுத்துகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

சரிவில் என்ன பயன்?

காய்ந்த மண்ணின் துகள்களை இடையிலுள்ள கொஞ்ச ஈரம் இழுத்துப் பிடித்திருக்கும். மழைநீர் உள்ளே இறங்கினால் அந்தப் பிடி தளரும், மண்ணின் எடை கூடும், நீரழுத்தம் ஏறும், சரிவு சரியும். 2009 நவம்பரில் நீலகிரியில் பெருமழையால் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள்.

அதனால்தான், நீர் விலக்கும் மண்ணைச் சரிவின்மேல் ஒரு அடுக்காகப் போட்டு மழையை உள்ளே விடாமல் செய்யலாமா என்று ஹாங்காங் ஆய்வாளர்கள் பார்த்து வருகிறார்கள். பிளாஸ்டிக் தாளைப்போல அல்லாமல் இதில் காற்றும் நீராவியும் போய்வரும். ஆனால் குறைகளும் உண்டு. மேலே தண்ணீர் தேங்கி அழுத்தினால் உள்ளே புகுந்துவிடும். வெடிப்பு விட்டாலும் அப்படித்தான். உள்ளே போகாத நீர் மேலே ஓடி மண்ணை அரிக்கும். ஆகவே வடிகால் கட்டாயம். அவர்கள் பயன்படுத்துவது சிலேன் வகை ரசாயனம். அது மண்ணோடு வினைபுரியும்போது ஹைட்ரோகுளோரிக் அமிலம் வெளிவரும். நம் நிலத்துக்கு அது வேண்டாம். நம் கரைகளுக்குக் களிமண்ணை அடுக்கடுக்காகத் திமிசு போட்டு இறுக்கி, வெளிச்சரிவில் வெட்டிவேர் நட்டு, உபரிநீருக்குக் கலிங்கு விட்டால் போதும்.

உங்கள் மண்ணைச் சோதியுங்கள்

காய்ந்த மண்ணைத் தட்டில் சமமாகப் பரப்புங்கள். மருந்துச் சொட்டுக்குழாயால் ஒரு துளி விட்டு எண்ணுங்கள்.

* 5 விநாடிக்குள் இறங்கினால்: நல்ல மண்
* 5 முதல் 60 வரை: லேசாக விலக்குகிறது
* 60 முதல் 600 வரை: கடுமை
* 600க்கு மேல்: மிகக் கடுமை

மேல்மண், நாலு விரல்கட்டை ஆழத்து மண் இரண்டையும் பாருங்கள். தீக்குப் பிறகு விலக்கும் அடுக்கு கீழேதான் ஒளிந்திருக்கும்.

வயலுக்கு என்ன மருந்து?

ஆஸ்திரேலியாவில் மணல் நிலங்களில் விதை சீராக முளைக்காமல் அவதிப்பட்ட விவசாயிகள், களிமண்ணைக் கொண்டுவந்து கலந்து சரிசெய்கிறார்கள். நம் முன்னோர் ஏரி வண்டலை வண்டியில் அடித்ததும் இதே வழிதான். வண்டல் போடுங்கள், மூடாக்கு போட்டு மண்ணை முழுசாகக் காயவிடாதீர்கள், தீ வைக்காதீர்கள். காய்ந்த தொழுவுரமும் தென்னைநார்க் கழிவும்கூட முதலில் தண்ணீரை ஏற்காது, நனைத்துவிட்டுப் போடுங்கள்.

வங்கியில் கடன் கேட்டு வருபவரிடம் "பணம் எதற்கு?" என்றுதான் முதலில் கேட்பேன். மண்ணிலும் அதே கேள்விதான்: இந்த இடத்தில் தண்ணீர் உள்ளே போகணுமா, வெளியே நிற்கணுமா? வயலுக்கு ஒரு பதில், கரைக்கு வேறு பதில். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் ஒரு துளி விட்டுப் பார்த்துவிடுங்கள்.