சம்பந்தம் பேசும் முன் பதிவேடுகளையும் பாருங்கள்



நம் பகுதியில் மாப்பிள்ளை விசாரிப்பது பெரும்பாலும் பள்ளிவாசல் வாசலிலும் டீக்கடையிலும் உறவினர் வாய்மொழியிலும் முடிந்துவிடுகிறது. மேலப்பாளையத்துக்குள்ளேயும் பேட்டைக்குள்ளேயும் கொண்டு கொடுத்த காலத்தில் அது போதுமானதாக இருந்தது. மூன்று தலைமுறை அறிந்தவர்களே சம்பந்தம் பேசினார்கள். இன்றோ பிறந்தது ஏர்வாடி, படித்தது பாளையங்கோட்டை, கடை சென்னை, வேலை துபாய் என்று ஒருவரின் வாழ்க்கை நான்கு ஊர்களில் பரவிக் கிடக்கிறது. ஓர் ஊரில் நடந்தது அடுத்த ஊருக்குத் தெரிவதில்லை. நிக்காஹ் முடிந்த பிறகு, வேறு மாவட்டத்தில் முதல் மனைவியின் ஜீவனாம்ச வழக்கு நடப்பது தெரியவந்து, கைக்குழந்தையோடு தாய்வீடு திரும்பும் பெண்கள் இருக்கிறார்கள். அத்தகைய வழக்கைப் பல நேரம் வீட்டிலிருந்தபடியே முன்கூட்டிப் பார்த்திருக்க முடியும். அதை எப்படிப் பார்ப்பது என்பதே இவ்விதழின் பாடம்.

மார்க்கம் காட்டும் எல்லை

சூரா அல்ஹுஜுராத்தின் 6ஆம் வசனம், வந்த செய்தியைத் தீர விசாரிக்கும்படி முஃமின்களுக்குக் கட்டளையிடுகிறது. அதே சூராவின் 12ஆம் வசனம் வீண் சந்தேகத்தையும், பிறர் குறையைத் துருவித் தேடுவதையும், புறம் பேசுவதையும் தடுக்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவில்தான் நம் விசாரணை நிற்க வேண்டும்.

ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்களை இருவர் பெண் கேட்டபோது அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்டார்கள். ஒருவரின் வறுமையையும் மற்றவரின் கடுமையையும் நபியவர்கள் மறைக்காமல் சொல்லி, உஸாமா (ரலி) அவர்களை மணக்கும்படி கூறினார்கள். இது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. சம்பந்தத்துக்காக விசாரிப்பவரிடம் தேவையான அளவு உண்மை சொல்வது புறம் பேசுவதாகாது என்று உலமாக்கள் இதிலிருந்து விளக்குகிறார்கள்.

பார்க்க வேண்டிய பதிவுகள்

1. மஹல்லா நிக்காஹ் பதிவேடு: மாப்பிள்ளையின் சொந்த மஹல்லாவிலிருந்து ஜமாஅத் கடிதம் வாங்குவது நம் வழக்கம். கடிதத்தோடு நில்லாமல், முந்தைய நிக்காஹ் பதிவு ஏதும் உண்டா என்று நிர்வாகிகளிடம் நேரில் கேளுங்கள். அவர் பல ஆண்டுகள் வேறு ஊரில் வசித்திருந்தால் அந்த ஊர் ஜமாஅத்திடமும் கேளுங்கள்.

2. அரசுத் திருமணப் பதிவு: தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம், 2009 எல்லா மதத்தினருக்கும் பொருந்தும். திருமணமான 90 நாட்களுக்குள் பதிய வேண்டும். ஆனாலும் பதியாமல் விட்டவர்கள் பலர் உண்டு. ஆகவே பதிவு இல்லை என்பதை வைத்து, திருமணமே நடக்கவில்லை என்று முடிவு செய்ய முடியாது.

மறுமணம் என்றால் முந்தைய மணம் முறிந்ததற்கான ஆவணத்தைக் கேளுங்கள். குலாவுக்குச் சான்று வழங்கும் அதிகாரம் ஜமாஅத் போன்ற தனியார் அமைப்புகளுக்கு இல்லை, குடும்ப நீதிமன்றத்தை நாட வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் கூறியுள்ளது. எனவே ஜமாஅத் கடிதத்தோடு நீதிமன்ற ஆணையும் இருப்பதே பாதுகாப்பு.

3. வாக்காளர் பட்டியல்: இது யாரும் பார்க்கக்கூடிய ஆவணம். வீட்டு எண், வயது, தந்தை அல்லது கணவர் பெயர் இதில் இருக்கும். பெயரின் சரியான எழுத்தையும், அதே வீட்டு எண்ணில் இவரைக் கணவராகக் காட்டும் பெண் பெயர் உண்டா என்பதையும் இதில் பார்க்கலாம். பிழைகள் இருக்கக்கூடும் என்பதால் இதைத் தொடக்கமாக மட்டும் கொள்ளுங்கள்.

4. நீதிமன்ற வழக்குகள்: இ-கோர்ட்ஸ் இணையதளத்திலும் செயலியிலும் கட்டணமின்றித் தேடலாம். மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம் ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்து, பெயரையும் ஆண்டையும் கொடுக்க வேண்டும். திருநெல்வேலியோடு நின்றுவிடாமல் அம்பாசமுத்திரம், நாங்குநேரி, வள்ளியூர், சேரன்மகாதேவி நீதிமன்றங்களையும் பாருங்கள். தூத்துக்குடி 1986இலும் தென்காசி 2019இலும் தனி மாவட்டங்களாயின. எனவே கடையநல்லூர்க்காரர் என்றால் தென்காசி, திருநெல்வேலி இரண்டிலும் தேடுங்கள். சென்னையில் கடை என்றால் சென்னையிலும் தேடுங்கள்.

நிலுவையில் உள்ளவை, முடிந்தவை இரண்டையும் பார்க்க வேண்டும். எம்.சி. என்ற வழக்கு வகை பெரும்பாலும் ஜீவனாம்ச மனுவைக் குறிக்கும். சில வழக்குகளில் பெயர்கள் மறைக்கப்பட்டிருக்கும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

5. காவல்துறைச் சரிபார்ப்பு: தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் ஒருவர் தம்மைப் பற்றிய சரிபார்ப்புச் சான்றுக்குத் தாமே விண்ணப்பிக்கலாம். மாப்பிள்ளையையே எடுத்துத் தரச் சொல்லலாம். முதல் தகவல் அறிக்கையில் பெயர் இருப்பதால் மட்டும் ஒருவர் குற்றவாளி ஆகிவிட மாட்டார். வழக்கு எப்படி முடிந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

6. படிப்பும் தொழிலும்: பட்டத்தின் உண்மைத் தன்மையை அதை வழங்கிய பல்கலைக்கழகத்திடம் சரிபார்க்கலாம். சொந்தக் கடை என்றால், பில்லில் உள்ள ஜி.எஸ்.டி. எண்ணை அரசு இணையதளத்தில் இட்டால் நிறுவனத்தின் பெயரும், பதிவு இன்னும் நடப்பில் உள்ளதா என்பதும் தெரியும். வெளிநாட்டில் இருப்பவரிடம் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். துணைவர் பெயருக்கு அங்கே இடம் உண்டு. ஆனால் திருமணத்துக்குப் பின் அவர் அதை மாற்றாமல் விட்டிருந்தால் காலியாகவே இருக்கும்.

பெயர்க் குழப்பத்தில் கவனம்

நம்மவர் பெயர்களில் இரண்டு சிக்கல்கள் உண்டு. முகைதீன், முகம்மது போன்ற பெயர்களை ஆங்கிலத்தில் ஐந்தாறு விதமாக எழுதுகிறார்கள். ஓர் எழுத்து மாறினாலும் கணினி வழக்கைக் காட்டாது. எனவே எல்லா விதமாகவும் எழுதித் தேடுங்கள். இதற்கு நேர்மாறாக, ஒரே தெருவில் ஒரே பெயரும் ஒரே இன்ஷியலும் உள்ள நான்கு பேர் இருப்பார்கள். அவர்களில் ஒருவர் மேல் உள்ள வழக்கை வைத்து இன்னொருவரை ஒதுக்குவது பெரும் அநீதி. தந்தை பெயர், முகவரி, வயது மூன்றும் பொருந்தாதவரை அந்தப் பதிவு இவருடையது என்று சொல்லாதீர்கள். பொருந்தினாலும் அவரிடமே கேட்டு, விளக்கம் சொல்ல வாய்ப்புக் கொடுங்கள். அநியாயமாக வழக்கில் இழுக்கப்பட்டு விடுதலையானவர்களும் நம்மிடையே உண்டு.

தொடக்கூடாதவை

ஆதார் விவரம், வங்கிக் கணக்கு, மருத்துவப் பதிவு, போன் அழைப்பு விவரம் ஆகியவை பொதுப் பதிவுகள் அல்ல. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் கீழும் தனிநபரின் சொந்த விவரங்களுக்கு விலக்கு உண்டு. பணம் கொடுத்தால் எடுத்துத் தருகிறேன் என்று சொல்பவரை அண்டாதீர்கள். அது சட்டத்துக்கும் மார்க்கத்துக்கும் விரோதம். கடன், நோய், சம்பளம் பற்றித் தெரிய வேண்டுமானால் பெரியவர்கள் முன்னிலையில் நேராகவே கேளுங்கள்.

இந்த விசாரணை இரு வீட்டாருக்கும் பொது. நாம் கேட்கும் ஆவணத்தை அவர்கள் நம்மிடம் கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுக்க வேண்டும். தேதி குறிப்பதற்கும் பத்திரிகை அடிப்பதற்கும் முன்பே இதை முடித்துவிடுங்கள். பந்தல் போட்ட பிறகு தெரியவரும் உண்மையைப் பேச யாருக்கும் துணிவு வருவதில்லை. பெண்ணின் வாழ்க்கையே அதற்கு விலையாகிறது. கண்டறிந்ததை வலி, பெண், பெண்ணின் தாய் ஆகியோர் மட்டும் அறிந்தால் போதும். சம்பந்தம் வேண்டாம் என்று முடிவானால், எங்களுக்குத் தோதுப்படவில்லை என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக் கொள்ளுங்கள். அதை வாட்ஸ்அப்பில் பரப்புவது, மறைக்க வேண்டிய குறையை அம்பலப்படுத்தும் பாவமாகும்.

இணையத்தில் தேடத் தெரியாதவர்கள், படித்த பிள்ளைகளை அருகில் வைத்துக்கொண்டு தேடலாம். அல்லது விவரங்களோடு நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வாருங்கள். இன்ஷா அல்லாஹ் கூட இருந்து பார்த்துத் தருவோம். இவற்றையெல்லாம் செய்தபின் இஸ்திகாரா தொழுது, முடிவை அல்லாஹ்விடம் ஒப்படைப்போம். நம் பிள்ளைகளின் இல்லறத்தை அவன் நல்லறமாக்கி வைப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.