அம்மாவுக்குக் காப்புறுதி உண்டா?

கேள்வி: அம்மாவுக்கு 66 வயது. தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்ந்தவர். நான் அரச பாடசாலை ஆசிரியை. தமிழ்நாட்டுச் சொந்தங்களிடம் அரசு காப்பீட்டு அட்டை இருக்கிறது. அம்மாவுக்கு இங்கே அப்படி எடுக்கலாமா?
– ஆசிரியை, ஹட்டன்

பதில்: தோட்டத்தில் ஓய்வு பெற்றவர்களுக்கென்று அப்படியோர் அரச காப்புறுதி இங்கே இல்லை, தங்கச்சி. ஊழியர் சேமலாப நிதியும் சேவைக்காலப் பணமும் கைக்கு வருவதோடு சரி. நாள் முழுக்க மலையேறிக் கொழுந்து பறித்த உடம்புக்கு இது போதாது; தொழிற்சங்கங்கள் உரக்கக் கேட்க வேண்டிய விடயம் இது.

உங்களுக்கு ஒரு வழி உண்டு. அரச ஊழியர்களின் அக்ரஹார காப்புறுதியில், மணமாகாதவர் பெற்றோரைச் சேர்க்கலாம். மணமானவருக்குத் துணையும் பிள்ளைகளும்தான். சாதாரணத் திட்டத்திலிருந்து சில்வர், கோல்ட் திட்டத்துக்கு மாறினால் மாதக் கழிவு கூடும், கிடைக்கும் தொகையும் கூடும். மாறுமுன், அம்மாவின் வயதுக்கு எதெல்லாம் பொருந்தும் என்று சம்பளப் பிரிவில் கேளுங்கள்.

அதைவிட முக்கியம், அரச ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம் என்பது. பிரஷருக்கும் சீனி வருத்தத்துக்கும் தோட்டத்து டிஸ்பென்சரி மாத்திரையோடு நிற்காமல் டிக்கோயா ஆதார வைத்தியசாலைக் கிளினிக்கில் பதியுங்கள். கிளினிக் கொப்பியைப் பத்திரப்படுத்துங்கள். அவசரத்துக்கு 1990 சுவசெரிய அம்புலன்ஸும் இலவசம். பெரிய சத்திரசிகிச்சை என்றால் ஜனாதிபதி நிதியத்துக்கு விண்ணப்பிக்கலாம். 2025 பெப்ரவரியிலிருந்து கொழும்புக்கு அலையாமல் பிரதேச செயலகத்திலேயே கொடுக்கலாம். விண்ணப்பம் எதுவும் தடைப்படாமலிருக்க, அம்மாவின் அடையாள அட்டையிலும் பிறப்புச் சான்றிதழிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.