நைட் டியூட்டி பழகிப்போகுமா?

நம்பிக்கை: "டெய்லி ரத்தம் பார்க்கிறவங்க, அவங்களுக்கு இதெல்லாம் மரத்துப்போயிருக்கும்."

வடசென்னையில் ராயபுரம், வண்ணாரப்பேட்டை பக்கம் ஸ்டான்லி ஆஸ்பத்திரியைப் பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார். "அந்த சிஸ்டர் மூஞ்சியைக்கூடப் பார்க்கல" என்ற புகாரும் கூடவே வரும். இரண்டையும் சேர்த்து யோசிப்பது நல்லது. 2019-இல் உலக சுகாதார நிறுவனம் தன் வகைப்பாட்டில் 'பர்ன் அவுட்' பற்றி விளக்கியபோது, அதை நோய் என்று சொல்லவில்லை. வேலையிடத்தில் சமாளிக்கப்படாமல் நாள்பட்டுப்போன நெருக்கடியின் விளைவு என்றது. அதற்கு மூன்று அடையாளங்கள்: உடம்பும் மனசும் வற்றிப்போன அசதி, செய்யும் வேலையிலிருந்து மனசு விலகிப்போவது, 'நம்மால் என்ன ஆகப்போகிறது' என்ற எண்ணம். முகம் பார்க்காமல் ஊசி போடுகிறவரிடம் நாம் திமிர் என்று நினைப்பது அந்த இரண்டாவது அடையாளமாகவும் இருக்கலாம்.

நம்பிக்கை: பெரிய விபத்து நடந்த ராத்திரிதான் ஆளை முறிக்கும்.

2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி எண்ணூர் பெரியகுப்பத்தில் கோரமண்டல் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. கண் எரிச்சலும் மூச்சுத்திணறலுமாக ஜனங்கள் கிடைத்த வண்டியில் ஏறி ஓடினார்கள். ஸ்டான்லிக்கும் கொண்டுவரப்பட்டார்கள். மிக்ஜாம் புயல் வெள்ளமும் எண்ணெய்க் கசிவும் வந்து மாதம்கூட ஆகாத நேரம். இப்படிப்பட்ட ராத்திரிகளில் வீட்டில் இருப்பவர்களும் டியூட்டிக்கு வந்து நிற்பார்கள், அமைச்சர் வருவார், கேட்டது கிடைக்கும்.

சாதாரணச் செவ்வாய்க்கிழமைக்கு யார் வருவார்? கன்டெய்னர் லாரி இடித்த பைக்காரர், பட்டறை மெஷினில் விரல் போனவர், குடித்துவிட்டு மண்டையை உடைத்துக்கொண்டவர் என்று வந்துகொண்டே இருப்பார்கள். (டாக்டர் ஆர். வெங்கடசாமி 1970களில் நாட்டுக்கே முன்னோடியான கை அறுவைச் சிகிச்சைத் துறையைக் கட்டியெழுப்பியது ஸ்டான்லியில்தான். இந்தப் பக்கத்தில் கை காயத்துக்குப் பஞ்சமில்லை.) ஒவ்வொருவருக்கும் கேஷுவாலிட்டியில் ஏ.ஆர். போட வேண்டும், அதாவது விபத்துப் பதிவேடு. பெயர், வயசு, அழைத்து வந்தவர் யார், இரண்டு அங்க அடையாளம், அடித்தது 'தெரிந்த நபரா, தெரியாத நபரா', எந்த ஆயுதம், எந்த இடம், எத்தனை மணி. காயம் எத்தனை சென்டிமீட்டர் நீளம், அகலம், இடப்பக்கமா வலப்பக்கமா. அப்புறம் போலீசுக்குத் தகவல். இடது என்பதை வலது என்று எழுதிவிட்டால் சில வருஷம் கழித்துக் கோர்ட்டில் வக்கீல் அதைத்தான் பிடித்துக்கொள்வார். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து ஒருவர், "எழுதினது போதும் டாக்டரே, எங்க ஆளைப் பாரு" என்பார். அவர் மேலும் தப்பில்லை. தமிழ்நாட்டு அவசர சிகிச்சைப் பிரிவுகளில் நோயாளியைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கிறார்கள். பச்சைக்காரர் ஏன் காத்திருக்க வேண்டும் என்று அவர் வீட்டாருக்கு விளக்கத்தான் ஆள் இருப்பதில்லை. கோபம் சில நேரம் கைமீறும். மருத்துவப் பணியாளரைத் தாக்கினால் சிறை என்ற மாநிலச் சட்டம் 2008 முதல் இருக்கிறது. 2024 நவம்பரில் கிண்டி அரசு மருத்துவமனையில் டாக்டர் ஒருவர் கத்தியால் குத்தப்பட்ட அன்றும் அது இருந்தது.

நம்பிக்கை: "இளரத்தம், 36 மணி நேரம் தாங்கும். நாங்க பார்க்காத டியூட்டியா?"

சீனியர்கள் பெருமையாகச் சொல்வது. டாசன், ரீட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1997-இல் 'நேச்சர்' இதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கையும் கண்ணும் ஒத்துழைக்கிற திறன், ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவர் அளவுக்குக் குறைந்துபோனது. 24 மணி நேரத்தில் அது ஏறக்குறைய 0.10 சதவீதத்துக்குச் சமம். நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் வரம்பு 0.03. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஊதச் சொல்லிப் பிடிக்கிற ஆளைவிட மோசமான நிலையில் இருப்பவரிடம் தையல் போடச் சொல்லி நம்மை ஒப்படைக்கிறோம். பயிற்சி மருத்துவர்களுக்குத் தொடர்ச்சியாக 12 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று மத்திய அரசு 1992-இலேயே சொல்லிவிட்டது. 2024-இல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு, வாரத்துக்கு 74 மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம் என்றது. 32 வருஷத்தில் 48 வளர்ந்து 74 ஆகியிருக்கிறது, அதுவும் பரிந்துரையாக!

நம்பிக்கை: இது டாக்டர்களுக்கு மட்டுமான பிரச்சினை.

108 வண்டியில் பைலட் எனப்படும் டிரைவரும் டெக்னீஷியனும் 12 மணி நேர ஷிப்டில் ஓடுகிறார்கள். எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வு எழுதி 2015 முதல் தொகுப்பூதியத்தில் சேர்ந்த நர்சுகள், பணி நிரந்தரம் கேட்டு வருஷக்கணக்காகப் போராடுகிறார்கள். ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவரை யாரும் கேட்பதே இல்லை.

நம்பிக்கை: ஒரு யோகா வகுப்பு, ஒரு கவுன்சலிங் முகாம் வைத்தால் சரியாகும்.

மூச்சுப்பயிற்சி கெடுதல் இல்லை. ஆனால் மருத்துவர்களின் பணிச்சோர்வு பற்றிய பல ஆய்வுகளைத் திரட்டி 2017-இல் வெளியான அலசல் ஒன்று, தனிமனிதரைத் திருத்தும் முயற்சிகளைவிட வேலை நேரத்தையும் வேலைப்பளுவையும் மாற்றிய இடங்களில்தான் பலன் கூடுதல் என்று கண்டது. நம் கேஷுவாலிட்டியில் இதற்குப் பெரிய திட்டம்கூட வேண்டாம். ஏ.ஆர். புத்தகத்தில் பெயரும் விலாசமும் எழுத ராத்திரிக்கு ஒரு கிளார்க் இருக்கட்டும், காயத்தை மட்டும் டாக்டர் எழுதட்டும். வெளியே நிற்கும் குடும்பத்திடம் பேச ஒருவர் இருக்கட்டும். பிரசவ விடுப்பில் போன சிஸ்டரின் இடத்துக்கு, மிச்சமிருக்கும் சிஸ்டர்களை இழுத்துப் போடாமல், வேறொரு சிஸ்டரைப் போடட்டும். யோகா வகுப்புக்கு அப்புறம் தேதி குறிக்கலாம்.