நத்சுகியைப் பிடித்துப்போன மகள்

கேள்வி: என் மகள் ஓசூரில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி பேண்டில் யூபோனியம் வாசிக்கிறாள். ஆண்டு விழாவுக்கு ஆள் எடுத்தபோது எட்டாம் வகுப்புப் பெண்ணை எடுத்துக்கொண்டு இவளை விட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து பள்ளி இசைக்குழு பற்றிய ஒரு ஜப்பானியத் தொடரைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறாள். அதில் கதாநாயகியைவிட, ஓரமாக வந்துபோகும் நத்சுகி என்ற பெண்ணைத்தான் பிடிக்குமாம். "நானும் நத்சுகிதாம்மா" என்கிறாள். தோற்பதே பழகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது ஐயா. அவள் அப்பாவுக்கு சிப்காட்டில் ஷிப்டு வேலை. இரவு ஷிப்டு முடிந்து வந்து பகலில் தூங்குவார் என்பதால் வீட்டில் வாசித்துப் பழகவும் வழியில்லை. பேண்டிலிருந்து நிறுத்திவிடலாமா?
– ஒரு தாய், ஓசூர்

பதில்: நிறுத்தாதீர்கள் அம்மா. உங்கள் மகள் சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறாள்.

அந்தத் தொடர் 'சவுண்ட்! யூபோனியம்'. அயானோ தகேதா எழுதிய நாவல்களை வைத்து கியோட்டோ அனிமேஷன் நிறுவனம் 2015-ல் தொடங்கியது. மூன்றாம் பாகம் 2024-ல் வந்தது. கியோட்டோவை அடுத்த ஊஜி என்ற ஊரில் ஒரு மேல்நிலைப் பள்ளியின் பேண்டு குழுதான் களம். போட்டி மேடையில் 55 பேருக்குத்தான் இடம். அதனால் தேர்வு வைத்து ஆள் எடுக்கிறார்கள்.

நத்சுகி நகாகவா யூபோனியத்தைக் கையில் எடுத்ததே மேல்நிலைப் பள்ளிக்கு வந்த பிறகுதான். அவளுக்கு ஒரு வகுப்பு இளையவளான கதாநாயகி குமிகோவோ தொடக்கப் பள்ளியிலிருந்தே வாசிப்பவள். முதலில் பயிற்சி நேரத்தில் தூங்கிக்கொண்டிருந்த நத்சுகி, மற்றவர்கள் மும்முரமானதும் தானும் உழைக்க ஆரம்பிக்கிறாள். தேர்வில் குமிகோவுக்கு இடம் கிடைக்கிறது, அவளுக்கு இல்லை. குமிகோதான் நடுங்குகிறாள், ஏனென்றால் நடுநிலைப் பள்ளியில் இதேபோல் தோற்ற ஒரு அக்கா அவளைக் கடித்துக் குதறியிருக்கிறாள். நத்சுகி அவளைத் தனியாக அழைத்துப்போய், தனக்கு வருத்தமில்லை என்று சொல்லித் தேற்றுகிறாள்.

இது வெறும் நல்ல குணம் என்று நினைத்துவிடக் கூடாது. இரண்டாம் பாகத்தில் வருவதைப் பாருங்கள். குழுவின் மூத்த யூபோனியக்காரி அசுகா, தாயின் நெருக்கடியால் தேசியப் போட்டிக்கு முன்பு விலகும் நிலை வருகிறது. அவள் வராவிட்டால் அந்த இடம் நத்சுகிக்கு. அதற்காக அசுகாவின் பகுதி முழுவதையும் பாடம் செய்து தயாராகிறாள். கூடவே, எப்படியாவது அசுகாவைத் திரும்பக் கூட்டி வா என்று குமிகோவை அனுப்பிவைப்பதும் அவள்தான். அசுகா திரும்பி வந்ததும் நத்சுகி நாற்காலியை விட்டு எழுந்துவிடுகிறாள். தனக்கு இடம் வேண்டும் என்ற ஆசையை அவள் ஒளிக்கவில்லை, குழு நன்றாக ஒலிக்க வேண்டும் என்ற ஆசையை அதைவிடப் பெரிதாக வைத்தாள். என் கணக்கில் அந்தத் தொடரின் மிக உயர்ந்த இடம் இதுதான்.

அடுத்த ஆண்டு அவள் துணைத் தலைவி. அப்போது கனாதே என்ற புதிய மாணவி, நத்சுகி அக்காவுக்கு இடம் கிடைக்கட்டுமே என்று தேர்வில் வேண்டுமென்றே மோசமாக வாசிக்கிறாள். நத்சுகி உள்ளே புகுந்து அதைத் தடுக்கிறாள். இருவருமே தேர்வாகிறார்கள். ஆக, "நானும் நத்சுகி" என்று சொல்லும் பெண் அடுத்த தேர்வுக்கும் போய் நிற்க வேண்டும். இதை மகளிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

வாத்தியத்தையும் கொஞ்சம் கவனியுங்கள். நம் கல்யாண ஊர்வல பேண்டில் முதலில் காதில் விழுவது டிரம்பெட். சுமார் 9 அடிக் குழாயைச் சுருட்டிச் செய்த யூபோனியம் நடு ஸ்தாயியில் நின்று, மேலே ஓடும் மெட்டுக்கு எதிர்மெட்டு வாசிக்கும். அது நின்றுபோனால் பேண்டு வெறிச்சென்றாகிவிடும். உங்கள் கிருஷ்ணகிரி வட்டாரத் தெருக்கூத்தில் பின்பாட்டுக்காரர்கள் அடியை வாங்கிப் பாடாவிட்டால் வேடக்காரருக்கு மூச்சுவிட நேரமிருக்காது அல்லவா, அந்த மாதிரி வேலை இது.

வீட்டுப் பயிற்சிக்கு வழி இருக்கிறது. அப்பா தூங்கும்போது ஊதும் முனையை மட்டும் கழற்றி, உதட்டை அதிரவிட்டுச் சுரம் பிடித்துப் பழகலாம். கதவைச் சாத்தினால் வெளியே அதிகம் கேட்காது. அல்லது வாயால் பாடிக்கொண்டே விரலால் வால்வை அழுத்திப் பழகட்டும். முழுச் சத்தத்துக்குப் பள்ளி முடிந்ததும் கொஞ்ச நேரம் அங்கேயே வாசிக்க அனுமதி கேளுங்கள்.

தேர்வில் எங்கே குறை வந்தது, சுருதியிலா, தாளத்திலா, மூச்சிலா என்று அவளே ஆசிரியரிடம் கேட்கட்டும். நீங்கள் போய்ச் சண்டை போட வேண்டாம். எடுக்கப்பட்ட எட்டாம் வகுப்புப் பெண்ணைப் பற்றி வீட்டில் குறைவாக ஒரு சொல்லும் பேசாதீர்கள். ஆண்டு விழாவுக்கு மாற்று ஆளாகவாவது இவளைச் சேர்த்து, முழுப் பாட்டையும் படிக்க வைக்கும்படி கேளுங்கள். இந்த வாரமே கேட்டுவிடுங்கள் அம்மா.